பழைய கை

“டைம் கீப்பர் வீட்டு மருமக மட்டும் இன்னும் பழைய கையாலதான் சாப்பிடுறாளாம்.”

மாவு மில்லில் எனக்குப் பின்னால் நின்ற இரண்டு பெண்களில் ஒருத்தி இதைச் சொன்னாள். உள்ளே மிளகாய் அரைபட்டுக்கொண்டிருந்ததால் நான் துப்பட்டாவால் மூக்கைப் பொத்தியிருந்தேன்; திரும்பிப் பார்த்தால் பேச்சு நின்றுவிடும் என்பதால் திரும்பவில்லை. “அவ எதுலதான் தெருவோட ஒத்துப்போனா?” என்று மற்றவள் சொன்னாள். சொல்லிவிட்டுத் தூக்குவாளியை வலது கைக்கு மாற்றி, அது தவறென்று நினைவு வந்து, மறுபடியும் இடது கைக்கு மாற்றிக்கொண்டாள்.

எனக்கு எரிச்சலாக இருந்தது. எரிச்சலை வெளியே சொல்லத் தெரியாதவர்கள் வீட்டுக்குப் போய்ப் பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக வைப்பார்கள். நானும் மாவுப் பாத்திரத்தை அப்படித்தான் வைத்தேன். “என்னட்டி?” என்றாள் அம்மா. “ஒண்ணுமில்ல” என்றேன். இந்தத் தெருவுக்கு நேர்ந்தது எல்லாம் என் கையெழுத்தில் இருந்த ஒரு வரியால் நேர்ந்தது என்பதை அம்மாவிடம்கூட நான் சொல்லியிருக்கவில்லை.

எங்கள் தெரு கோவில்பட்டியில் ரயில்வே கேட்டைத் தாண்டி இருக்கிறது. முப்பத்தொரு வீடு, தொடக்கத்தில் ஒரு தண்ணீர்க் குழாய், அதையொட்டி மாவு மில், ஒரு டீக்கடை, முடிவில் ஒரு சுவர். தெரு நேராக வந்து அந்தச் சுவரில் முட்டுவதால் தெருக்குத்து என்று சொல்லி, பரிகாரத்துக்குச் சுவரடியில் ஒரு பிள்ளையாரை வைத்திருந்தார்கள். பிள்ளையார் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். தெருவும் அவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது.

டைம் கீப்பர் உலகநாதன் பெரியப்பா வீடு பிள்ளையாருக்குப் பக்கத்து வீடு, எங்களுக்கு எதிர் வீடு. பெரியப்பா முப்பது வருடம் பஸ் ஸ்டாண்டில் மைக்கைப் பிடித்து உட்கார்ந்திருந்தவர். எட்டயபுரம் வழி விளாத்திகுளம் செல்லும் பஸ் புறப்படுகிறது என்று அவர் சொன்ன பிறகுதான் அது புறப்படும். சொல்லாவிட்டால் டிரைவர் ஏறி உட்கார்ந்து, கண்டக்டர் விசில் ஊதி, ஆட்கள் கம்பியில் தொங்கினாலும் அது நின்ற இடத்திலேயே நிற்கும். ஓய்வு பெற்று நான்கு வருடம் ஆன பிறகும் அவர் எதையும் பேசுவதில்லை, அறிவிப்பார். குளிக்கப் போவதை அறிவிப்பார், மோர் தீர்ந்துவிட்டதை அறிவிப்பார், அவர் அறிவித்தது நடக்கும்.

அவருடைய மகன் மகாராஜன் அண்ணன் ஷார்ஜாவில் இருந்தார். தன் மகளுக்கு ஐந்து மாதம் முடிந்தபோது, வேலை முடிந்து ஊருக்கு வந்த ஒருவரிடம் அவர் ஒரு ஹெலிகாப்டரைக் கொடுத்தனுப்பினார். முழ நீளம், சிவப்பு நிறம், தலையில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு றெக்கை, வாலில் ஒரு குட்டி றெக்கை, கூடவே இரண்டு குச்சி வைத்த ரிமோட். பெட்டியின் மேல் பதினான்கு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று போட்டிருந்தது.

“அஞ்சு மாசப் பிள்ளைக்குக் கிலுகிலுப்பை அனுப்பக் கூடாதா?” என்று அவருடைய அம்மா ஆவுடைப் பெரியம்மா கேட்டார்.

“அவுக அனுப்புனது அவுகளுக்கு,” என்றாள் அண்ணனின் மனைவி நாகஜோதி மதினி அடுப்படியிலிருந்து. “அவுக வர்ற வரைக்கும் மாமா ஓட்டுவாக.”

அதுதான் நடந்தது. கையேடு ஆங்கிலத்தில் பதினான்கு பக்கம் இருந்தது. தெருவில் ஆங்கில இலக்கியம் படித்தவள் நான் ஒருத்திதான் என்று என்னைக் கூப்பிட்டார்கள். இலக்கியத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்ல நினைத்து, சொல்லாமல், நாற்பது பக்க நோட்டு ஒன்றில் தமிழில் எழுதிக்கொடுத்தேன். முதலில் ரிமோட்டைப் போட்டுப் பிறகு ஹெலிகாப்டரைப் போடவேண்டும், அணைக்கும்போது முதலில் ஹெலிகாப்டரை அணைத்துப் பிறகு ரிமோட்டை அணைக்கவேண்டும், பார்ப்பவர்கள் பத்தடி தள்ளி நிற்கவேண்டும், தலைமுடியையும் முந்தானையையும் கட்டிக்கொள்ளவேண்டும், கரண்டுக் கம்பிக்குக் கீழே பறக்கவிடக் கூடாது, காற்று நாளில் கூடாது, ஏழு நிமிடத்துக்கு மேல் கூடாது, றெக்கை சுற்றும்போது கையால் பிடிக்கவே கூடாது, பழகும்வரை வால் எப்போதும் நம் பக்கம் இருக்கவேண்டும் என்று வரிசையாக எழுதி, கடைசிப் பக்கத்தில் கட்டம் போட்டிருந்த எச்சரிக்கையையும் எழுதினேன். “மூக்கு உங்களைப் பார்த்தால் இடது வலதாகும், வலது இடதாகும்.”

மூலத்தில் ‘உங்கள் கண்ணுக்கு’ என்று ஒரு சொல் இருந்தது. ஹெலிகாப்டர் நம்மைப் பார்த்துத் திரும்பிவிட்டால் அதன் இடது நமக்கு வலதாகத் தெரியும், அதனால் குச்சியை மாற்றித் தள்ளவேண்டும், அவ்வளவுதான் விஷயம். நோட்டின் ஓரத்தில் இடமில்லை. புரிந்துகொள்வார்கள் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஏழு மணிக்குப் பெரியப்பா பிள்ளையார் முன்னால் ஹெலிகாப்டரை எடுத்தார். அது எழும்பவும் இறங்கவும் ஒரு வட்டம் வேண்டும் என்று கையேட்டில் இருந்ததால், ஆவுடைப் பெரியம்மாவுக்கு முட்டி வலி என்பதால், நாகஜோதி மதினி விடியும் முன்பே வந்து கோலப்பொடியில் வட்டம் போட்டுவிட்டுப் போவாள். காம்பஸ் வைத்தாலும் அப்படி வராது. அதை அவள் இடது கையால்தான் போட்டாள். அந்நேரம் யாரும் பார்க்காததால் யாரும் எதுவும் சொல்லவில்லை.

அவள் பிறந்ததிலிருந்து இடதுகைக்காரி. பெண் பார்க்க வந்தவர்களுக்கு வலது கையால் காபி கொடுத்து, நிச்சயத் தட்டை வலது கையால் வாங்கி, தாலி கட்டிய மூன்றாம் நாள் அசதியில் மறந்து இடது கையால் மாமியாருக்குச் சோறு போட்டுவிட்டாள். ஆவுடைப் பெரியம்மா அந்தச் சோற்றைக் காக்கைக்கு வைத்தார். அன்றிலிருந்து அந்த வீட்டில் அரிசி களைவதும் குழம்பு கூட்டுவதும் அவள். கரண்டியைப் பிடித்துப் பரிமாறுவது பெரியம்மா. விளக்கேற்றுவது பெரியம்மா. வந்தவர்களுக்குக் குங்குமம் நீட்டுவது பெரியம்மா. பெரியம்மா கெட்டவர் இல்லை. மருமகளுக்குக் காய்ச்சல் வந்தால் தைலம் தேய்த்துவிடுவார். ஆனால் சோத்தாங்கை சோத்தாங்கைதான், பீச்சாங்கை பீச்சாங்கைதான் என்பதில் அவருக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

குழந்தையும் இடது கட்டைவிரலைச் சூப்பியது. பெரியம்மா அதில் வேப்பெண்ணெய் தடவினார். வேப்பெண்ணெயோடு சேர்த்துச் சூப்பியது. துணி சுற்றினார். துணியோடு சூப்பியது. ஆறாம் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பிள்ளையார் முன்னால் சோறூட்டு என்று நாள் குறித்தபோது அவர் சொன்னார்: “மொதச் சோறு நான் ஊட்டுறேன். அவ கையால ஊட்டுனா பிள்ளைக்கும் அதுவே நிலைச்சுரும்.”

அன்று மதினி கொடியில் துணி காயப்போட எங்கள் மொட்டைமாடிக்கு வந்தாள். “ஒரு வாய்தான் கேக்கேன்,” என்றாள். “அதுக்கப்புறம் அவுகளே ஊட்டட்டும், ஆயுசு பூராம் ஊட்டட்டும். மொத வாய் மட்டும். பெத்தவ நான். நீ படிச்ச பிள்ளைதான, எதாச்சும் எடுத்துச் சொல்லேன்.” நான் சொல்கிறேன் என்றேன். இரண்டு முறை போய், தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன்.

மூன்றாவது ஞாயிறு அது நடந்தது. பெரியப்பா ஹெலிகாப்டரைக் கோல வட்டத்திலிருந்து எழுப்பி, இரண்டு ஆள் உயரத்துக்குக் கொண்டுபோய், கம்பிக்கு ஒரு முழம் கீழே நிறுத்திவைத்து, அன்றைக்கு ஆட்கள் நிறைய நின்றதால் நோட்டை எடுத்துப் பாதுகாப்பு விதிகளை முழுவதும் வாசித்தார். பயணிகள் பத்தடி தள்ளி நிற்கும்படி கேட்டுக்கொண்டார். கடைசிப் பக்கத்துக்கு வந்தார். வாலை இந்தப் பக்கம் காட்டிக்கொண்டிருந்த ஹெலிகாப்டர் லேசான காற்றில் மெதுவாகத் திரும்பி, பிள்ளையாருக்கு நேர் மேலே, பிள்ளையார் பார்க்கும் அதே திசையில், தெருவை மூக்கால் பார்த்துக்கொண்டு நின்றது. பெரியப்பா அதைப் பார்க்காமல், பஸ் ஸ்டாண்ட் குரலில், ஒவ்வொரு சொல்லையும் இரண்டு தரம் வாசித்தார். இடது வலதாகும். வலது இடதாகும்.

ஆகிவிட்டது.

முதலில் டீக்கடையில் தெரிந்தது. டீ ஆற்றிக்கொண்டிருந்தவரின் மேல் கை கீழே வந்தது, கீழ்க் கை மேலே போனது, டீ தரைக்குப் போனது. வலது கையைத் தூக்க நினைத்தால் இடது கை எழுந்தது, இடப்பக்கம் திரும்ப நினைத்தவர்கள் வலப்பக்கச் சுவரில் இடித்துக்கொண்டார்கள், எங்கள் அம்மா கத்தரிக்கோலை எடுத்தால் அது இடது கைக்குப் போய் அங்கே வெட்டாமல் துணியை மென்றது, காலையில் திறந்த கதவுகள் மத்தியானம்வரை பூட்டப்படாமல் கிடந்தன, பிள்ளையாரை வலம் வந்தவர்கள் எல்லாரும் இடம் வந்து, எதிரே வருபவர்களே இல்லாததால் அதைக் கவனிக்காமல், திருநீறு பூசிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அன்று மத்தியானம் தெருவே இடது கையால் பிசைந்து சாப்பிட்டது. வலது கையால் சாப்பிடப் பார்த்தவர்களின் பருக்கைகள் மூக்குக்கும் காதுக்கும் போயின. பசிதான் ஜெயித்தது.

குழாயடியைத் தாண்டினால் கை பழையபடி ஆகிவிடும். அதனால் வேலைக்குப் போகிறவர்கள் குழாயடியில் நின்று, பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றி, இரண்டு முறை விரலை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். திரும்பி வரும்போதும் அப்படியே. “கை மாத்தியாச்சா?” என்பது நாலு நாளில் சாப்பிட்டாச்சா என்பதைப் போல ஒரு விசாரிப்பாகிவிட்டது. மகாராஜன் அண்ணனிடம் வீடியோவில் பெரியம்மா இடது கையை ஆட்டி ஆட்டி அழுதார். “செல்போன்ல கை மாறித்தாம்மா தெரியும்,” என்று அவர் ஆறுதல் சொன்னார். “அங்க எல்லாம் சரியாத்தான் இருக்கு.”

ஹெலிகாப்டர் இறங்கவில்லை. ஏழு நிமிடத்துக்குத்தான் அதில் சார்ஜ் நிற்கும் என்று நானே எழுதியிருந்தேன். அது பதினொரு நாள் நின்றது, பிறகு எண்ணுவதை விட்டோம். தும்பி பறப்பதுபோல் ஒரு சத்தம் தெருவில் எப்போதும் இருந்தது, அதில் கைக்குழந்தைகள் நன்றாகத் தூங்கின. காகங்கள் இரண்டு நாள் கத்திவிட்டுப் பழகிக்கொண்டன. லைன்மேன் வந்து அண்ணாந்து பார்த்து, “கம்பியில தொடல, எனக்கு வேலையில்ல,” என்று சொல்லிவிட்டு, குழாயடியில் கையை மாற்றிக்கொண்டு போனார். பெரியப்பா அதை இறக்க மூன்று முறை முயன்றார். மூக்கு நம்மைப் பார்ப்பதால் மாற்றித் தள்ளவேண்டும், கை மாறியிருப்பதால் மாற்றியதை மாற்றவேண்டும், மாற்றியதை மாற்றினால் பழையதுதானே, அப்படியானால் எதற்கு மாற்றவேண்டும் என்று ரிமோட்டை வைத்துக்கொண்டு வாய்க்குள் அறிவித்தபடியே அவர் நிற்க, ஹெலிகாப்டர் ஒரு முழம் இறங்கி ஒரு முழம் ஏறி, அதே இடத்துக்கு வந்து அதே மூக்கால் அவரைப் பார்த்தது.

இதற்கிடையில் நாகஜோதி மதினி இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தாள். அவள் இடது கையைத் தூக்க நினைத்தால் வலது கை எழுந்தது. மொட்டைமாடிக்கு வந்து அதை எனக்குக் காட்டினாள். வலது கையால் க்ளிப்பை எடுத்து, வலது கையால் சேலையை உதறி, வலது கையால் என் தலையில் ஒரு பேன் இருக்கிறதா என்று பார்த்தாள். இருபத்தாறு வருடமாக அடித்து, மிரட்டி, கட்டிப்போட்டு, வேண்டிக்கொண்டு வராத வலது கை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வந்துவிட்டது. “இனி அத்தை என்ன சொல்வாக?” என்றாள். “சோத்தாங்கைதான இது. நல்லாப் பாத்துக்கோ, சோத்தாங்கை.”

மூன்றாம் நாள் கோயில் கமிட்டி கூடியது.

கமிட்டித் தலைவர் சௌந்தரபாண்டியன் அண்ணாச்சி, சிமெண்ட் ஏஜென்சி வைத்திருந்தவர், எதையும் ஒரு முடிவுக்குக் கொண்டுவராமல் தூங்கமாட்டார். தீபாராதனையை எந்தக் கையால் தொட்டு ஒற்றிக்கொள்வது, பிரசாதத்தை எந்தக் கையில் வாங்குவது, அடுத்த மாதம் கல்யாணமாகி வரும் பெண் எந்தக் காலை எடுத்துவைப்பது என்று கேள்விகள் குவிந்துவிட்டன. பிள்ளையார் முன்னால் ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்து, ஹெலிகாப்டர் காற்றில் எல்லார் தலைமுடியும் பறக்க, இரண்டு மணி நேரம் பேசினார்கள். நான் எங்கள் வீட்டு ஜன்னலில் பூ கட்டிக்கொண்டிருந்தேன்.

“நமக்கு எதிர யாரு இருக்கா? பிள்ளையார்,” என்றார் அண்ணாச்சி. “அவருக்கு வலது எது? நமக்கு இடது. இத்தன வருசமா நாம நம்ம பக்கத்துலருந்து பாத்தோம். இப்ப அவர் பக்கத்துலருந்து பாக்கச் சொல்லுதாரு. அம்புட்டுத்தான் விசயம்.”

“அப்ப சோத்தாங்கை எது அண்ணாச்சி?”

“சோறு திங்கிற கை சோத்தாங்கை. இப்ப எதுல திங்க?”

எல்லாரும் கையைப் பார்த்தார்கள்.

“அப்ப அதுதான். மத்தது பீச்சாங்கை. இனி யாரும் அந்த ரிமோட்ட நோண்டப்பிடாது. ஒருவழியா பழகி வாரோம், மறுபடி மாத்திவிட்டு எழவக் கூட்டாதிக.”

ரிமோட்டைப் பிள்ளையார் பீடத்தில் வைத்து, இரண்டு குச்சிக்கும் சந்தனம் குங்குமம் இட்டார்கள். குழாயடியில் ஒரு தகரப் பலகை வைத்தார்கள். ‘இத்தெருவில் இடக்கையே வலக்கை. ஒத்துழைப்பு தரவும். இப்படிக்கு கமிட்டி.’ எழுதிய பெயின்டர் வெளித் தெருக்காரர். குழாயடிக்கு இந்தப் பக்கம் நின்று எழுதியதால் எழுத்து கோணலாக வந்திருந்தது.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு நாகஜோதி மதினி வலது கையால் சோற்றைப் பிசைந்தபோது ஆவுடைப் பெரியம்மா அவள் கையைப் பார்த்தார்.

“அது பீச்சாங்கை.”

“இது வலது கை அத்தே.”

“போன வாரம்தான் அது வலது கை. நீ கூட்டத்துக்கு வரலையா? அம்புட்டுப் பேரும் இந்தக் கையில திங்காக, உனக்கு மட்டும் எப்பவும் மத்த கை.”

“அத்தே, இத்தன நாளு நீங்க இந்தக் கையிலதான சாப்புடச் சொன்னீக?”

“சொன்னப்ப சாப்புட்டியா?”

இதை மதினி என்னிடம் சொன்னபோது அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு ஏதாவது சொல்ல வந்திருக்கும். ஈரத்துணி வாளியைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் முன்னால் நீட்டி, கடையில் விலை கேட்டு வைத்துவிட்டுப் போகும் சாமானைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். “எந்தக் கையக் குடுத்தாலும் அது இல்லங்காக,” என்றாள். “மூணாவது ஒண்ணு இருந்தா அதையும் குடுத்துப் பாத்துருப்பேன். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை அவுகதான் ஊட்டப்போறாக.”

அப்போதுதான் நான் சொன்னேன். சொல்லிவிட்டேன் என்பது சொன்ன பிறகுதான் தெரிந்தது. ‘உங்கள் கண்ணுக்கு’ என்ற சொல்லை, ஓரத்தில் இடமில்லாததை, இடமிருந்தும் அடுத்த பக்கத்துக்குப் போகச் சோம்பல்பட்டதை, எல்லாவற்றையும் கொடியைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

மதினி வாளியிலிருந்து ஒரு துணியை எடுத்துப் பிழிந்தாள். “அப்ப அது எதிர நிக்கிறவுகளுக்குச் சொன்னதா?”

“ஆமா மதினி. மூக்கு நம்மளப் பாத்து இருந்தா, கண்ணாடியில பாக்கிற மாதிரி. பழகுறதுக்கு மாசக்கணக்கா ஆகும்னு போட்டுருந்துச்சு.”

“எனக்கு அது பழக்கம்தான்,” என்றாள் அவள். “கோலம், தையல், எழுத்து, எல்லாத்தையும் எதிர நின்னுதான சொல்லிக்குடுத்தாக. பக்கத்துல உக்காந்து பாத்தா எனக்கு வராது. எதிர உக்காந்தா அப்படியே வந்துரும். எங்க டீச்சர் அதுக்கும் அடிச்சா.” ஒரு க்ளிப்பை வாயில் கவ்விக்கொண்டாள். பிறகு எடுத்தாள். “உன் நோட்ட எங்க வச்சுருக்காக?”

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை காலை பிள்ளையார் முன்னால் பந்தல் போட்டிருந்தார்கள். ஹெலிகாப்டர் காற்றில் பந்தல் துணி படபடத்தது. ஒருவர் மூங்கிலைப் பிடித்துக்கொண்டே இருக்கவேண்டியிருந்தது. பத்தரைக்கு ராகுகாலம் தொடங்கும் என்பதால் பத்துக்குள் ஊட்டிவிடவேண்டும். வாழையிலையில் பச்சரிசிச் சோறு, பருப்பு, நெய். பக்கத்தில் மூடிவைத்த இன்னொரு சட்டியில் மீதிச் சோறு. பெரியப்பா நிகழ்ச்சி நிரலை அறிவித்தார். சௌந்தரபாண்டியன் அண்ணாச்சி சூடத் தட்டை இடது கையில் வைத்துக்கொண்டு நின்றார். மகாராஜன் அண்ணன் செல்போனுக்குள் இருந்தார். செல்போனை ஒருவர் பிடித்திருந்தார், சரியாகப் பிடிக்கத் தெரியாததால் அண்ணனுக்குப் பெரும்பாலும் பந்தல் துணி தெரிந்தது.

ஒன்பதே முக்காலுக்கு ஆவுடைப் பெரியம்மா உட்கார்ந்தார். பட்டுச் சேலை கட்டியிருந்தார். இடது கையைக் கழுவி, அதைப் பிள்ளையாருக்குக் காட்டி, அதனால் சோற்றையும் பருப்பையும் நெய்யையும் சேர்த்துப் பிசைய ஆரம்பித்தார். நிதானமாக, ஒரு பருக்கைகூட முழுதாக இல்லாமல், முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளுக்குப் பிசைந்த கையின் பக்குவத்தோடு பிசைந்தார். குழந்தை மதினியின் மடியில் இடது கட்டைவிரலைச் சூப்பிக்கொண்டிருந்தது, இல்லை, அதுவும் தெருவோடு மாறியிருந்ததால் வலது கட்டைவிரலை. அதைக் கமிட்டி இன்னும் கவனித்திருக்கவில்லை. பெரியம்மா கவனித்திருந்தார். அந்த விரலில் வேப்பெண்ணெய் மின்னியது.

“பிள்ளைய இங்கிட்டுக் குடு,” என்றார் பெரியம்மா.

மதினி எழுந்தாள். குழந்தையைப் பெரியம்மாவிடம் கொடுக்கவில்லை. பூத்தட்டோடு நின்றிருந்த என் மடியில், நான் உட்காரும்வரை காத்திருந்து, வைத்தாள். முந்தானையை இடுப்பில் செருகினாள். கூந்தலைக் கொண்டையாக முடிந்தாள். பிள்ளையார் பீடத்துக்குப் போய் ரிமோட்டை எடுத்து, குச்சிகளில் இருந்த சந்தனத்தை முந்தானையால் துடைத்தாள்.

“ஏட்டி, அதத் தொடாத,” என்றார் அண்ணாச்சி.

“எல்லாரும் பத்தடி தள்ளி நில்லுங்க அண்ணாச்சி,” என்றாள் மதினி. “கையேட்டுல அப்படித்தான் போட்டுருக்கு.”

“யாரக் கேட்டு...”

“பயணிகள் பத்தடி தள்ளி நிற்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்,” என்று பெரியப்பா அறிவித்துவிட்டார். அவர் வேண்டுமென்று செய்தாரா, முப்பது வருடப் பழக்கமா என்று எனக்குத் தெரியாது. அறிவித்த பிறகு யாராலும் நிற்கமுடியவில்லை. எல்லாரும் பத்தடி நகர்ந்தார்கள். அண்ணாச்சி சூடத்தோடு நகர்ந்தார். செல்போன் நகர்ந்தது. நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தேன். பெரியம்மா மட்டும் இலை முன்னால் பிசைந்த கையோடு இருந்தார். அவருக்கு முட்டி வலி.

மதினி ஹெலிகாப்டருக்கு நேர் எதிரே போய் நின்று, யாரோ ஒரு டீச்சரைப் பார்ப்பதுபோல அதன் மூக்கைப் பார்த்தாள். யோசிக்கவில்லை. வாய்க்குள் எதுவும் சொல்லிப் பார்க்கவில்லை. கட்டைவிரல்கள் மெதுவாக நகர்ந்தன. ஹெலிகாப்டர் ஒரு முழம் பின்வாங்கி, கம்பியை விட்டு விலகி, மூக்கைத் தெருவிலிருந்து ரயில்வே கேட் பக்கத்து வேப்பமரத்துக்கும், வேப்பமரத்திலிருந்து சுவருக்கும் திருப்பி, கடைசியில் தன் வாலை எங்களுக்குக் காட்டியது. காட்டியபடியே, ஊஞ்சலிலிருந்து ஒருவர் இறங்குவதுபோல இறங்கி, அன்று விடியுமுன் அவளே போட்டிருந்த கோல வட்டத்தின் நடுவில் உட்கார்ந்தது. வட்டம் கலையவில்லை.

தும்பிச் சத்தம் நின்றது. அத்தனை நாளில் முதல்தடவையாகத் தெருவில் டீக்கடை அடுப்பு எரிவது கேட்டது.

அண்ணாச்சி வலது கையைத் தூக்க நினைத்திருக்கவேண்டும், வலது கைதான் எழுந்தது. சூடத் தட்டு பீச்சாங்கையில் எரிந்துகொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார், அவசரமாகக் கை மாற்றினார், சூடம் கீழே விழுந்து அணைந்தது. கூட்டத்தில் ஒவ்வொருவராகக் கையைத் தூக்கிப் பார்த்தார்கள். “என்னாச்சும்மா, படம் நிக்குது,” என்றார் மகாராஜன் அண்ணன் செல்போனுக்குள்ளிருந்து.

ஆவுடைப் பெரியம்மா தன் கையைப் பார்த்தார். முழங்கைவரை நெய். இலையிலிருந்த சோறு அவ்வளவும் இடது கையால் பிசைந்தது. ஒரு வாய் எடுத்து உருட்டி வைத்திருந்தார். அதை உயர்த்தவுமில்லை, இலையில் போடவுமில்லை. மணி பத்தாக இரண்டு நிமிடம் இருந்தது.

“அத்தே, அதக் காக்கைக்கு வச்சுருங்க,” என்றாள் மதினி.

அவள் குனிந்து முதலில் ஹெலிகாப்டரை அணைத்தாள். பிறகு ரிமோட்டை அணைத்தாள். அதைப் பெரியப்பாவின் கையில் கொடுத்தாள். குடத்துத் தண்ணீரில் கையைக் கழுவினாள். என்னிடமிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டு மாமியாருக்கு எதிரே உட்கார்ந்து, மூடிவைத்திருந்த சட்டியைத் திறந்து, இடது கையால் நாலு பருக்கை எடுத்து, கட்டைவிரலால் நசுக்கி, குழந்தையின் வாயில் வைத்தாள்.